பெள்ளியின் வேலைக்கு என்ன பெயர்?

கார்த்திகி கோன்சால்வ்ஸ் இயக்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 41 நிமிடப் படம். 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு, அம்மு என்ற தாயற்ற இரு யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி என்ற காட்டுநாயக்கர் இணையரின் கதை. எனக்குப் பிடித்த படம்தான். பிடித்ததாலேயே அதனிடம் சில கேள்விகள் இருக்கின்றன.

மகளை இழந்த பெள்ளிக்கு யானைக்குட்டி ஆறுதலாகிறது. படம் இந்த இழையைத்தான் இறுகப் பிடித்துக்கொள்கிறது. பெள்ளி ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தாய்ப்பாசமாகவே திரையில் வருகின்றன. அதே வேலையைச் செய்யும் பொம்மனுக்கோ 'பாகன்' என்ற தொழிற்பெயர் இருக்கிறது. தாயில்லாத குட்டியைப் பிழைக்கவைப்பதற்கு அறிவும் பழக்கமும் உடலுழைப்பும் வேண்டும். அந்த அறிவு பெண்ணிடம் இருந்தால் அதை 'இயல்பு' என்று சொல்லிவிடுகிறோம். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணை 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளப் பேச்சைத் தள்ளிப்போடுகிற வழக்கமும் இதுதான்.

2023 ஆகஸ்டில் தமிழக அரசு பெள்ளியைக் காவடியாக, அதாவது பாகனின் உதவியாளராக நியமித்தது. மாநிலத்தின் முதல் பெண் காவடி என்று செய்தி வந்தது. குட்டிகளை வளர்த்த பிறகு, ஆஸ்கரும் வந்த பிறகுதான் அந்த வேலைக்கு ஒரு பெயர் கிடைத்தது.

அடுத்த கேள்வி காட்டைப் பற்றியது. அடையாறுவாசிகளான எங்களுக்குக் காடு என்றால் கிண்டி தேசியப் பூங்காவின் மதில்தான். உள்ளே மான்கள், வெளியே நாங்கள். மனிதரை வெளியே நிறுத்துவதுதான் காட்டைக் காப்பது என்று நகரம் எளிதாக நம்பிவிடுகிறது. தேன் எடுக்கும் காட்சியில் படம் அந்த நம்பிக்கையை அசைக்கிறது. ஆனால் ரகுவை வனத்துறை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது, வளர்த்தவர்களுக்கு அந்த முடிவில் ஏன் இடமில்லை என்று அது கேட்பதில்லை. அவர்களுடைய துயரத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

யானை முகாம் வனத்துறையுடையது. காடு அத்துறைக்கு மட்டும் உரியதல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் சிறு வனப்பொருட்களைச் சேகரித்து விற்கும் உரிமையையும் அங்கே வாழும் சமூகங்களுக்குத் தருகிறது. மணமானவர்களின் உரிமைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்கின்றன அதன் விதிகள். பொம்மன், பெள்ளி திருமணத்தைப் படம் அழகாகக் காட்டுகிறது. அந்த இரு பெயர்களும் சேர்ந்து எழுதப்பட வேண்டிய பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வேறு விதமாகவும் இந்தக் கதையைச் சொல்ல முடியும். அதற்கு நீலகிரி வரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு அருகே தண்டரையில், 1986இல் தொடங்கிய இருளர் பெண்கள் நலச் சங்கம் மூலிகை நாற்றங்கால் நடத்துகிறது. மூலிகைப் பொருட்களைத் தயாரித்து விற்கிறது. செடிகளைப் பற்றிய பெண்களின் அறிவு அங்கே வருமானம் தரும் தொழில்.

காட்டைப் பற்றி அடுத்து வரும் படத்தில் பெண் யாருக்குத் தாயானாள் என்பதோடு, என்ன கூலி வாங்கினாள், எந்தக் கூட்டத்தில் பேசினாள் என்பதையும் பார்க்க விரும்புகிறேன்.