இழைமணி கருவுக்கு விடுக்குஞ் செய்தி

தாவரக் கலத்தின் சுவாசவுறுப்பாகிய இழைமணி, தனக்கு இடர் நேர்ந்தவிடத்து அதனைக் கருவுக்கு அறிவிக்கின்றது என்பது உயிர்நூலார் பெரும்பாலும் உடன்பட்ட கொள்கையாகும். கருவிலிருந்து உறுப்புக்குச் செல்வதை ஆணையெனக் கொண்டு, உறுப்பினின்றுங் கருவுக்குச் செல்வதனைப் பின்னோக்குச் சமிக்ஞை என்று வழங்குவர். இக்கொள்கையின் எப்பகுதி சோதனையால் நிலைபெற்றது, எப்பகுதி உருவகத்தின் அழகினால் நிலைபெற்றது என்பது பிரித்தறியத்தக்கது.

அடிப்படை ஐயத்துக்கு இடமற்றது. இழைமணிக்குத் தனக்கென டி.என்.ஏ. உண்டு. அரபிடொப்சிசு என்னுங் கடுகினச் சிறுசெடியின் இழைமணி டி.என்.ஏ. 1997 இல் முழுவதும் வாசிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 367,000 மூலச் சோடிகளும் 57 பரம்பரையலகுகளுமே அதிற் காணப்பட்டன. அங்குத் தொழிற்படும் புரதங்களோ ஆயிரத்துக்கு மேற்பட்டவை. எஞ்சியவற்றைக் கருவின் பரம்பரையலகுகளே ஆக்குவிக்கின்றன. சுவாசச் சங்கிலி இரு இடத்துப் புரதங்களாற் சமைந்ததாயின், ஓரிடத்தின் நிலையை மற்றோரிடம் அறியாது அது ஒழுங்காக இயங்குதல் அரிது.

ஆயினும் அறிதல் வேறு, அறிவித்தல் வேறு. விளக்கின் எண்ணெய் வற்றினால் ஒளி மங்கும். மங்கல் எண்ணெயின் விளைவேயன்றி, எண்ணெய் விடுத்த தூதன்று. அவ்வாறே ஏடிபி குறைந்தமையாற் கருவின் தொழில் மாறின், அது வெறும் விளைவாகும். செய்தியென்று கூற வேண்டுமாயின், அதனை ஏற்றற்கென அமைந்த ஒரு வாயில் இருத்தல் வேண்டும். அவ்வாயிலை அகற்றியவிடத்து, இடர் நீடிப்பினும் மறுமொழி எழாதிருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டைப் பல கட்டுரைகள் கருதாது செல்கின்றன.

இவ்வகைத் தொடர்பு முதலில் மதுவத்திலேயே நன்கு ஆராயப்பட்டது. பியூட்டோவின் குழுவினர் அங்குக் கண்ட ஆர்.ரி.ஜி. வழிக்கு ஒத்த வழி தாவரத்திற் காணப்படவில்லை. ஆகவே தாவர ஆய்வாளர் வேறோர் அடையாளத்தைப் பற்றினர். அதுவே மாற்று ஒட்சிடேசு என்னும் நொதியம். சுவாசச் சங்கிலியின் மூன்றாம், நான்காந் தொகுதிகளைத் தவிர்த்து, இலத்திரன்களை ஒட்சிசனுக்கு அளிப்பது இது. இவ்வழியிற் சத்தியின் பெரும்பகுதி ஏடிபியாகச் சேமிக்கப்படாது வெப்பமாகும். சேம்பினத்துப் பூந்துணர்கள் சில சூடேறுவதற்கும் இதுவே காரணம். மூன்றாந் தொகுதியை அன்ரிமைசின் என்னும் நஞ்சினால் தடுத்தால், இந்நொதியத்துக்குரிய கருப் பரம்பரையலகு விரைந்து தொழிற்படும். அது தொழிற்பட்டாற் செய்தி சேர்ந்தது என்று கொள்வது வழக்காயிற்று.

இவ்வழக்கு எளியது, ஆனால் ஆபத்தானது. அன்ரிமைசின் இழைமணியை மட்டும் தாக்குவதன்று. பச்சையவுருமணியில் நிகழும் வட்ட இலத்திரனோட்டத்தையும் அது தடுக்கும். ஒளியில் வளர்ந்த இலையிற் காணும் மறுமொழியை முழுவதும் இழைமணியின் கணக்கில் எழுதுவது எவ்வாறு பொருந்தும்? மேலும், ஒரு கிண்ணத்து நஞ்சு வயலின் வறட்சிக்கோ வெள்ளத்துக்கோ ஈடாகாது.

2013 இல் வெளிவந்த ஆய்வுகள் இக்குறையைப் பெரிதும் நீக்கின. ஏஎன்ஏசி013, ஏஎன்ஏசி017 என்னும் இரு புரதங்கள் அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வில் வால்புறத்தாற் பிணிக்கப்பட்டுள்ளன. இடர்க்காலத்தில் அறுபட்ட தலைப்பகுதி கருவினுட் சென்று, உரிய பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. ஏஎன்ஏசி017 இல்லாத செடியில் மாற்று ஒட்சிடேசின் எழுச்சி பெரிதும் குன்றுகின்றது. மேற்கூறிய வாயில் இதுவே. இத்துறையிற் கிடைத்த தலையாய பேறும் இதுவெனலாம்.

வாயில் கிடைத்தது, தூது கிடைத்ததா? வாலை அறுப்பது ரொம்போயிட்டு வகைப் புரதப்பகுப்பு நொதியம் என்பது கருத்தளவில் உள்ளது. அவ்வறுப்பைத் தூண்டுவது ஐதரசன் பரவொட்சைட்டு போன்ற தாக்குதிறன்மிக்க ஒட்சிசன் இனங்கள் என்பர். அவை பச்சையவுருமணியிலும் பிறக்கும். அனுப்பியவர் பெயரில்லா ஓலையைக் கரு யாருடையதென்று படிக்கும் என்பதற்கு இக்கட்டுரைகளில் நிறைவான விடையில்லை.

பயிர்களைப் பற்றிய வாக்குறுதிகளிலும் நிதானம் வேண்டும். ஏஎன்ஏசி017 இல்லாத அரபிடொப்சிசுச் செடிகள் நீரில் மூழ்குதலைத் தாங்கமாட்டாமை 2020 இற் காட்டப்பட்டது. அதுகொண்டு, அப்புரதத்தை மிகுவித்தால் வெள்ளந்தாங்கும் பயிர் கிடைக்குமென்று விரைந்து முடிபு கூறலாகாது. மிகுவிக்கப்பட்ட செடிகள் வளர்ச்சி குன்றி, விரைவில் மூப்பெய்துகின்றன.

2019 இல் வெளிவந்த மற்றோராய்வு இவ்விரு புரதங்களையும் ஆர்சிடி1 என்னும் புரதம் அடக்கிவைக்கின்றது எனக் கண்டது. ஆர்சிடி1 பழுதுற்ற செடிகளோ, பச்சையவுருமணியைத் தாக்கும் பராகுவாற்று நஞ்சைத் தாங்கி நிற்கின்றன. இழைமணிக்கே உரியனவென்று கொள்ளப்பட்ட காரணிகள் பிறிதோருறுப்பின் இடரிலும் பங்குகொள்ளுமாயின், இழைமணிச் செய்தி என்னும் பெயரையே ஆய்வாளர் மீண்டும் நோக்க வேண்டியுள்ளது.