காற்றுக்குத் தைத்த சட்டை

கோடையிலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தண்ணீர் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் அங்கே விண்ட்சர்ஃபிங் பலகைமேல் நிற்பவரை அதிகம் நடுங்க வைப்பது காற்று. குளிர்நீரில் அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டின் மேல்துணியில் தங்கிய ஈரம் ஆவியாகும்போது உடற்சூடும் கூடவே போய்விடும். ஆகவே மார்பிலும் முதுகிலும் துணியில்லாத, வழவழப்பான நியோப்ரீன் ரப்பரே நல்லது. பாயோடு இணைக்கும் இடுப்புப்பட்டையான ஹார்னஸ் உராய்ந்து அது கிழியுமே என்பார்கள். உண்மைதான், அந்த இடத்தில் மட்டும் துணி போர்த்தியிருந்தால் போதும். தடிமன் கூடினால் கதகதப்பும் கூடாதா? கூடும். சூட்டைக் காப்பது ரப்பருக்குள் அடைபட்ட நுண்குமிழிகள் அல்லவா! ஆனால் கைப்பகுதி தடித்த வெட்சூட்டில், பாயின் பிடிகம்பான பூமைப் பற்றிய முன்கை விரைவில் இறுகிச் சோர்ந்துவிடும். அதனால்தான் உடலுக்கு 5, கைகால்களுக்கு 3 மில்லிமீட்டர் என்று பிரித்துத் தைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அளவு: இடுப்புக்குப் பின்னால் தொளதொளத்தால், விழும்போதெல்லாம் புதுத் தண்ணீர் புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போகும்.