பேசும் வளனும் பேசாத சூசையப்பரும்

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல் கொண்டது. இத்தனையும் ஒரு தச்சரைப் பற்றி! காப்பியத் தலைவர் வளன், அதாவது நம்ம சூசையப்பர். அரசரையும் வணிகரையும் பாடிப் பழகிய மரபில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஆனா எனக்கு ஒரு குறை உண்டு. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கர்ப்பமான மரியாளைக் கைவிடாமல் ஏற்கிறார். ராத்திரியோடு ராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். மத்தேயு காட்டும் தாழ்மையான அன்பு அவ்வளவுதான், முழுக்கச் செயல். தேம்பாவணியிலும் இதெல்லாம் வருகிறது. ஆனால் எகிப்தில் வளன் தத்துவம் போதிக்கிற ஆசிரியராகவும் ஆகிவிடுகிறார். வர்ணனைக்கும் உபதேசத்துக்கும் நடுவே அந்தச் செயல் அமுங்கிப்போகிறது.

ஓசூர் சிப்காட் பக்கம் இருந்து படித்தால் இன்னொன்றும் உறைக்கும். பிழைக்க வந்த ஊரில் ஷிப்டு பார்த்து, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த அன்பை யாரும் விளக்க வேண்டாம். 1955-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், மே 1-ஐத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். அதைச் சாக்காக வைத்து, "அவரைப் போல வாய் திறக்காம வேலை செய்" என்று தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொன்னால் அது தப்பான வாசிப்பு. சூசையப்பர் ஏரோதுக்கு அடங்கி மௌனமாக இருக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற, அவன் கைக்கு எட்டாமல் கிளம்பிப் போனார்.