பாதாமி போய்வந்த எழுபது மீட்டர்

வாதாபி என்றால் நமக்கு நரசிம்மவர்ம பல்லவன் நினைவுக்கு வருவான். பாறை ஏறுகிறவர்களுக்கு அதே ஊர், இன்றைய பாதாமி, செம்மணற்கல். விரலுக்கு அருமையான பிடி, கயிற்றுக்கு எமன். பதினான்கு மாதங்களில் ஐந்து முறை அங்கே போய்வந்துவிட்டது என் கயிறு. 9.8 மி.மீ. தடிமன், 70 மீட்டர் நீளம், மீட்டருக்கு 62 கிராம், ஐரோப்பியத் தயாரிப்பு. தோளில் மாட்டினால் நாலேகால் கிலோவுக்கு மேல். விலை இருபதாயிரத்தை நெருங்கியது.

"இதில் கால்வாசிப் பணத்துக்கு ஹார்டுவேர் கடையில் கட்டைவிரல் தடிமனுக்கு நைலான் கயிறு கிடைக்குமே?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பாரம் கட்டும் கயிறு நீளக் கூடாது. ஏறும் கயிறு நீண்டே ஆக வேண்டும். விழும் ஆளின் வேகத்தைக் கயிறு இழுபட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் அத்தனை அடியும் இடுப்பில் இறங்கும். அதனால்தான் இந்தக் கயிறுகளுக்கு இ.என். 892 என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் கயிறு என்றால் 80 கிலோ எடையை ஐந்து நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப விழவைப்பார்கள். குறைந்தது ஐந்து விழுதலாவது அறுபடாமல் தாங்க வேண்டும். முதல் விழுதலின் அடி 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. கயிறு 40 சதவீதத்துக்கு மேல் நீளவும் கூடாது.

என் கயிற்றின் சீட்டில் ஏழு விழுதல், 8.5 கிலோநியூட்டன் என்று இருக்கிறது. கடையில் எல்லோரும் முதல் எண்ணைத்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான். ஆனால் ஏழு முறை விழுந்ததும் கயிற்றைத் தூக்கிப்போட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. சோதனைக்கூடத்தில் மூன்று மீட்டர்கூட இல்லாத கயிற்றில் ஐந்து மீட்டர் அளவுக்கு விழவைக்கிறார்கள். நாம் இருபது மீட்டர் உயரத்திலிருந்து மூன்று மீட்டர் சறுக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது எண்தான் உடம்புக்குத் தெரியும். இந்தக் கயிற்றில் விழுந்தால் யாரோ மடியில் ஏந்தியதுபோல இருக்கிறது.

நீர் ஒட்டாத பூச்சு உள்ள வகை இன்னும் சில ஆயிரம் கூடுதல். பனிமலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் வாங்கட்டும், ஈர நைலான் வலுவிழக்கும். தக்காணத்து வெயிலில் ஏறும் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்தப் பணத்தை நீளத்தில் போட்டேன். ஒன்பதரைக்குக் கீழே மெலிந்த கயிறும் இங்கே வேண்டாம் என்பேன்; மணல் முதலில் தின்பது வெளியுறையை.

புதுக் கயிற்றைச் சுருளிலிருந்து அப்படியே பிடித்து இழுத்துவிடாதீர்கள். நான் இழுத்தேன். அடுத்த இரண்டு நாளும், ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்து நிறுத்தும் கிரிகிரி கருவிக்குள் முறுக்கு, முறுக்கின் மேல் முறுக்கு. சுருளைக் கைகளில் மாட்டி உருட்டி உருட்டித்தான் பிரிக்க வேண்டும்.

பாதாமியின் செந்தூசி உறைக்குள் போனால் ரம்பப்பொடிதான். வலுவான தார்ப்பாய் ஒன்றை விரித்து அதன்மேல் கயிற்றைக் குவிப்பதும், யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்வதும் பாதி வேலை. மண் ஏறிய கயிறு தன்னை மட்டும் தேய்த்துக்கொள்வதில்லை. தாம்புக்கயிறு கிணற்றுக் கல்லைப் பள்ளமாக்கியதுபோல, உச்சி நங்கூரத்தில் கயிறு ஓடும் அலுமினிய வளையமான கேரபினரையும் அரம் போட்டுவிடுகிறது. அந்தப் பள்ளத்தின் விளிம்பு கூர்மையாகி அடுத்தவர் கயிற்றை அறுக்கப் பார்க்கும். தேய்ந்த கேரபினரைப் பார்த்தால் பயன்படுத்தாதீர்கள்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பெரிய பக்கெட்டில், குளிர்ந்த நீரில், மென்மையான சோப்போடு அலசுகிறேன். முதல் அலசலில் ரசம்போல நீர் வந்தது. உலர்த்துவது நிழலில் மட்டும். வெயிலின் புற ஊதா நைலானுக்கு ஆகாது. இதே அலசலில், கயிற்றின் பாதியைக் காட்டும் நடுக்குறியின் கறுப்பு மை பாதி போய்விட்டது, இந்த விலைக்கு அது அநியாயம். நம் வீடுகளில் இன்னொரு ஆபத்து, இன்வெர்ட்டர் பேட்டரி. அமிலம் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமலேயே நூல்நூலாக வலுவிழந்து, ஒருநாள் லேசான இழுப்பில் போய்விடும். மாடிப்படி அடியில் பேட்டரியும் கயிற்றுப் பையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்த அன்று கயிறு பீரோவுக்கு மாறியது.

மாதம் ஒருமுறை கயிற்றை முழுக்க விரல்களுக்கிடையே ஓடவிட்டு, ஒவ்வொரு அடியையும் வளைத்துப் பார்ப்பேன். நல்ல இடம் உருண்டையாக வளையும். உட்கரு கெட்ட இடம் தட்டையாக மடியும். சென்ற மாதம் முனையிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில், எப்போதும் எட்டு வடிவ முடிச்சும் விழுதலும் வாங்கும் பகுதியில், அப்படி மடிந்தது. மூன்று மீட்டரை வெட்டினேன். உடனே வேறு கணக்கு வந்தது. கயிறு 67 மீட்டர். நடுக்குறி ஒன்றரை மீட்டர் தப்பு. எழுபது என்று நினைத்து நண்பரை இறக்கினால் கடைசி முனை கிரிகிரி வழியே உருவிக்கொண்டு போகும். ஏறுகிறவர்கள் விழுந்து சாகும் பழைய வழிகளில் இது ஒன்று. பையில் பெரிதாக '67' என்று எழுதிவிட்டேன். மறுமுனையில் முடிச்சு எப்போதும் உண்டு.

வெட்டிய துண்டு மொட்டைமாடியில் துணிக்கொடியாக இருக்கிறது. ஐந்து வாரத்தில் சிவப்பு வெளுத்து, பழைய செங்கல் நிறமாகிவிட்டது.