வில்லும் குடமும் கருப்பட்டிக் காப்பியும்

குலசேகரன்பட்டினத்துக்கு ஊர் உலகமெல்லாம் தசராவுக்குத்தான் போகிறது. காளி வேஷமும் குறவன் வேஷமும் கட்டிக்கொண்டு, தசராக் குழுக்களின் மேளச் சத்தத்தோடு திரண்டு வரும் கூட்டம், பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுக் கலைகிறது. முத்தாரம்மன் கோயில் வாசலில் அன்று நிற்க இடம் கிடைக்காது. அந்த ஆவேசத்துக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குலசையை நாக்காலும் காதாலும் நிதானமாக அனுபவிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காலம் தை மாதம். அடைமழை ஓய்ந்திருக்கும். குதிரைமொழித் தேரியின் செம்மண் இன்னும் ஈரம் விடாமல் இருக்கும். கடலோரத்தில் வாடைக்காற்று காதை அடைக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரிலாவது வெள்ளிக் கொடை, அதாவது வெள்ளிக்கிழமை நடக்கும் ஊர்க்கோயில் திருவிழா, உண்டா என்று விசாரித்துக்கொண்டு போனால், வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு வரை வேறெதுவும் தேவைப்படாது.

குளிர்காலம், பாட்டு, பலகாரம் என்றதும் நமக்குச் சென்னையின் டிசம்பர் சீசன்தான் நினைவுக்கு வரும். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது. அதன் பின்னால் சபாக்கள் பெருகின, கேன்டீன்களும் பெருகின. கச்சேரிக்கு நடுவே எழுந்துபோய் அடை அவியல் சாப்பிட்டுவிட்டு வந்து துக்கடா கேட்பது ஒரு நல்ல சுகம். தென்கோடியில் அதே சுகம் மணலில் பாய் விரித்து, விடிய விடிய, டிக்கெட் இல்லாமல் கிடைக்கிறது. வில்லுப்பாட்டு என்ற அந்தக் கலையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சாப்பாடு. தை மாதத்துக் குலசை, உடன்குடிப் பக்கம் பனங்கிழங்குக் காலம். ஆடி ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடிவிடுவார்கள். மழை பெய்து மூன்று நான்கு மாதத்தில், பொங்கலுக்குச் சரியாகக் கிழங்கு தோண்டும் பக்குவத்துக்கு வந்துவிடும். மண்பானையில் நிறுத்தி அடுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்த கிழங்கைக் கையில் வாங்கியதும் கடித்துவிடக் கூடாது. மேல்தோலை உரிக்க வேண்டும். நுனியில் கீறி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் நடுவில் வெளிர்மஞ்சள் குருத்து ஒன்று தனியே எழுந்து வரும். அதற்குப் பீலி என்று பெயர். பிள்ளைகள் அடித்துக்கொள்வது அதற்குத்தான். பிறகு ஓரத்து நாரை உருவிவிட்டு, கிழங்கை விரல் நீளத்துக்கு ஒடித்து மென்றால், மாவும் லேசான கசப்பும் கடைசியில் ஒரு இனிப்பும் வரும். சில வீடுகளில் பச்சைமிளகாய், பூண்டு, தேங்காய் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடித்துத் தருவார்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

குடிக்க, கருப்பட்டிக் காப்பி. பதநீர் இறக்கும் காலம் மாசி பங்குனிக்கு மேல்தான். ஆக, தையில் குடிப்பது போன கோடையின் சரக்கு. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதன் பெருமை இங்கே எந்தக் காலத்திலும் ஆவணத்தை நம்பி இருந்ததில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பாளைச் சாறு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சுண்ணாம்பு இருப்பதால் புளிக்காமல் பதநீராக நிற்கிறது. அதைக் காலையிலேயே காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. சீனி கலக்காத கருப்பட்டியை உடைத்தால் உள்ளேயும் வெளியேயும் கறுத்த பழுப்பு, நாக்கில் வைத்தால் இனிப்புக்கு அடியில் மெல்லிய கரிப்பு. அந்தக் கரிப்பு இல்லாவிட்டால் வாங்காதீர்கள். காப்பிக்குத் தட்டிப்போட்டுக் கரைத்து, மண்டி போக வடிகட்டி, மறுபடி கொதிக்கும்போது தூள் போட வேண்டும். பால் சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரியும். பாலில்லாத கடுங்காப்பிதான் அதற்கு அழகு. இரவு ஏறி, வாடை பலத்ததும் அதே பானையில் சுக்கு, மல்லி, மிளகு, ஒரு கைப்பிடி துளசி விழும். சுக்குக் காப்பியை ஆற்றாமல், ஊதி ஊதிக் குடிப்பது நல்லது.

கொடைப் பந்தலில் வில்லுப்பாட்டு செட் உட்காரும் முறையே பார்க்க அழகு. பத்தடி நீளத்துக்குக் குறையாத வில், நாண் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வில்கதிர் பெரும்பாலும் வைரம் பாய்ந்த பனை, சில செட்டில் மூங்கில். வண்ணத் துணி சுற்றி, நாணின் கீழே வெண்கல மணிகள் கட்டியிருப்பார்கள். நாண் தோல்வார். காப்பியில் கரைந்த மரமே பாட்டுக்கும் முதுகெலும்பாக நிற்கிறது என்பதை இந்த ஊரில் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது அவ்வளவு சாதாரணம். நடுவில் கதை பாடும் புலவர், இரண்டு கையிலும் வீசுகோல். வலப்பக்கம் உடுக்கை, ஜால்ரா, கட்டை, பின்பாட்டு. இடப்பக்கம் குடம்.

ரசிகர்கள் பலரும் வீசுகோலைத்தான் பார்க்கிறார்கள். அது கண்ணைக் கவர்கிறது. கோல் காற்றில் சுழன்று வந்து நாணில் விழும்போது மணிகள் மொத்தமாகக் குலுங்கும் வேகம் பிரமாதம்தான். என் கவனம் போகுமிடம் குடம். வில்லை அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, சாய்த்து வைத்திருப்பார்கள். வாசிப்பவர் வலக்கையில் விசிறி போல வெட்டிய பத்தி என்னும் தட்டு, இடக்கையில் ஒரு காசு. பத்தி குடத்தின் வாயில் விழும்போது உள்ளே அடைபட்ட காற்று 'கும்' என்று தரையோடு பேசும். காசு குடத்தின் தோளில் பட்டு 'டிங்' என்று மேலே கத்தும். ஆழமான ஒலியையும் கூர்மையான ஒலியையும் ஒரே ஆள், ஒரே மண்பாத்திரத்தில் எடுக்கிறார். பத்தியை வாயில் முழுக்க மூடி அடித்தால் ஒரு நாதம், ஓரத்தில் பட்டும் படாமலும் அடித்தால் இன்னொன்று. புலவர் வசனத்துக்கு மாறும்போது குடம் பின்வாங்கி, கேட்பவரின் நாடித்துடிப்பு அளவுக்கு மட்டும் நடந்துகொண்டிருக்கும். பாட்டு திரும்பும் இடத்தை அரை அடி முன்பே சொல்லிவிடும். நல்ல குடக்காரர் இல்லாத செட்டில் எவ்வளவு பெரிய புலவர் இருந்தாலும் கதை நகராது. அவருக்கு அடுத்தபடி உடுக்கைக்காரர். இடுப்புக் கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் அவர் சுருதியை வளைக்கும்போது ஒரு கேவல் மாதிரியே கேட்கும்.

காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று வரிசையாக ஏறித்தான் கதைக்குள் நுழைவார்கள். அவசரப்படுபவர்களுக்கு இந்த முன்பகுதி சலிக்கலாம். அதில்தான் புலவர் கூட்டத்தின் மனசை அளந்துகொள்கிறார். அவர் ஒரு வரி சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். கொஞ்ச நேரத்தில் பந்தலில் கிழவிகளும் 'ஆமா' போடத் தொடங்கிவிட்டால் கதை பிடித்துவிட்டது என்று பொருள்.

கதைகளில் முத்துப்பட்டன் கதைக்கு என் மனசில் தனி இடம். நா. வானமாமலை பதிப்பித்து வெளியே கொண்டுவந்த கதைப்பாடல். பிராமண இளைஞன் பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். பூணூலையும் குடுமியையும் விட்டுவிட்டு, செருப்புத் தைத்துக் காட்டினால் பெண் தருகிறேன் என்கிறான் தகப்பன். பட்டன் செய்கிறான். கல்யாணமான புதிதிலேயே மாடு கவர வந்தவர்களோடு சண்டை, சாவு. சேதியை வீட்டுக்குக் கொண்டுவருவது அவனுடைய நாய். தேர்ந்த புலவர் அந்த இடத்தில் வீசுகோலைக் கீழே வைத்துவிடுவார். மணிகள் அடங்கும். உடுக்கையும் குடமும் மட்டும் கேட்கும், அதுவும் மெலிந்து. பல தடவை கேட்ட கதைதான், முடிவு தெரிந்ததுதான். இருந்தும் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டன் சாமியாக நிற்கிறான் என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு இது கதை மட்டும் இல்லை, தாமிரபரணிக் கரையில் நடந்த ஒரு சாவு.

வில்லுப்பாட்டை ஆராய வந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வங்களின் பிறப்புக் கதைகளையும் மனிதர்களின் இறப்புக் கதைகளையும் பிரித்துப் பார்த்து, இறப்புக் கதை ஓடும்போதுதான் சாமியாட்டம் உச்சம் கொள்கிறது என்று 1988இல் வெளியான நூலில் விளக்கினார். கொடையில் உட்கார்ந்து கேட்டால் அது நூலில்லாமலே புரியும். வெட்டுப்படும் இடம் நெருங்க நெருங்க குடத்தின் நடை இறுகும். சாமியாடி எழுந்துவிட்டார் என்றால் புலவர் அவரைப் பார்த்துத்தான் பாடுவார், நம்மைப் பார்த்து அல்ல.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கலையை மேடைக்கும், கொத்தமங்கலம் சுப்பு காந்தி கதைக்கும் கொண்டுபோனார்கள். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வீட்டுக்கு வீடு சேர்த்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அரைமணி நேர மேடைக்குச் சுருக்கும்போது கதை தங்கும், இரவு போய்விடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்ந்து 2018இல் காலமான பூங்கனி அம்மாள் போன்றவர்கள் கொடைப் பந்தலிலேயே ஆயுளைக் கழித்தார்கள். விரித்துப் பாட நேரம் கொடுக்கும் ரசிகர்கள் எதிரில் இருந்ததால்தான் அது முடிந்தது. இப்போது சில செட்டுகளில் கீபோர்டும் ரிதம் பேடும் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டால் குடத்தின் அந்தத் தாழ்ந்த நாதம்தான் முதலில் காணாமல் போகிறது. எனக்கு இதில் சமரசம் இல்லை. குடத்துக்கு ஒரு நல்ல மைக், வேறு எதுவும் வேண்டாம்.

சனிக்கிழமை விடியலில் வாழி பாடி முடிப்பார்கள். மதியம் கிடாய்க் கறிச்சோறு யார் வீட்டிலாவது கிடைக்கும், வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். பந்தலோரக் கடையில் கருப்பட்டி மிட்டாயும் சேவும் ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். ஞாயிறன்று மணப்பாடு போய் மணற்குன்றில் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தைப் பார்த்து, திரும்பும் வழியில் தேங்காய்ப் பாலில் கிண்டிய முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கினால் பயணம் நிறைவு.

போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு மூன்று விஷயம் இருக்கிறது. பந்தலில் வில்லுக்கு நேரே உட்காராமல் குடத்தின் பக்கம் தள்ளி உட்காருங்கள். நடுச்சாமத்தில் எழுந்து போய்விடாதீர்கள், கதை அதற்குப் பிறகுதான் கனக்கிறது. புலவருக்குப் பணம் குத்துகிறவர்கள் குடக்காரருக்கும் ஒரு நோட்டைத் தனியாகக் கொடுங்கள். கொடை இல்லாத மாதங்களில் அவர்களில் பலர் வேறு வேலைக்குத்தான் போகிறார்கள்.