குதிரைக்குப் பெயர் உண்டு

1878 ஜூன் 19. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ பண்ணை. சாலி கார்ட்னர் என்ற பெண்குதிரை பன்னிரண்டு கமராக்களுக்கு முன்னால் பாய்ந்து ஓடியது. பாதைக்குக் குறுக்கே கட்டியிருந்த நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு போகப் போக, கமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே படம் பிடித்தன. செலவை ஏற்றவர் ரயில்வே முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட். படம் எடுத்தவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். பாய்ச்சலில் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று ஊரெல்லாம் வாதாடிக்கொண்டிருந்த கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. எழும்பும். ஆனால் ஓவியர்கள் அதுவரை வரைந்து வைத்தது போல முன்னும் பின்னும் கால்களை நீட்டிக்கொண்டு அல்ல, வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு.

விளையாட்டுப் படப்பிடிப்பின் வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதே ஆண்டில் இலங்கையில் ஒரு கிழவி நேர்மாறான வேலையைச் செய்துகொண்டிருந்தார். எதிரே நிற்பவரை அசையாதே, மூச்சைப் பிடி என்று அதட்டி, கண்ணாடித் தகட்டில் மெதுவாக ஒளியை ஊறவிட்டுக்கொண்டிருந்தார். ஜூலியா மார்கரட் கெமரன். அடுத்த ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானவர். அந்தப் பக்கத்து றொசல்ல ஸ்டேசனில் நின்று கேட்டால் அவர் பெயர் தெரிந்தவர் ஒருவரும் அகப்படமாட்டார். பாரிஸிலும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் 2023 முதல் 2025 வரை அவருக்குக் கண்காட்சி மேல் கண்காட்சி.

வழமையாக இந்தப் பத்தியில் ஓட்டமும் விக்கெட்டும்தான் பேசுவோம். இந்த முறை ஒரு படப்பிடிப்பாளரின் ஆட்டத்தை அதே கண்ணால் பார்க்கிறேன்.

முதலில் புள்ளிவிபரம். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கமரா கைக்கு வந்தது 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த பரிசாக. அந்த வயதில் நம்மூரில் ஆட்டக்காரர்கள் ஓய்வுபெற்று, தெரிவுக்குழுவில் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில், கரி போடும் அறையை இருட்டறையாக்கி, கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாக்கிக்கொண்டு தொடங்கினார். மறு மாதமே, 1864 ஜனவரியில், ஒரு சிறுமியின் முகத்தை எடுத்து, இது என் முதல் வெற்றி என்று எழுதி வைத்தார். கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஹெர்ஷல், எழுத்தாளர் கார்லைல் எல்லோரும் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். 1866இல் பெர்லினில் தங்கப் பதக்கம். 1868இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் படம் எடுக்க இரண்டு அறைகளைக் கொடுத்தது. 1874இல் தன் காவியத்துக்குப் படம் எடுத்துத் தரும்படி டெனிசனே கேட்டார். இன்று தெரியவரும் படங்கள் மொத்தம் 1,200 அளவில்.

இலங்கையில் எடுத்து எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

ஸ்கோர் அட்டையை மட்டும் பார்க்கிறவர் ‘போர்ம் போய்விட்டது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கனகாலம் விமர்சகர்களும் அப்படித்தான் எழுதினார்கள். ஆடுகளத்தைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல என்னால் முடியாது.

அவர் இங்கே வந்தது படம் எடுக்க அல்ல. கணவர் சார்ள்ஸ் ஹே கெமரனை வரலாற்றுப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். கோல்புறூக் – கெமரன் ஆணைக்குழுவின் அந்தக் கெமரன்தான். இலங்கையில் கோப்பித் தோட்டங்களில் பணத்தைக் கொட்டியவர். வைட் தீவு வீட்டுக்குக்கூட நம் திம்புள்ளையின் பெயரில் ‘டிம்போலா’ என்றுதான் பெயர். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் தொற்றியது. வருமானம் சரிந்தது. பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே இங்கே. கணவருக்கு எண்பது வயது. மலைநாட்டுக்குப் போகவேண்டும் என்ற ஒரே பிடிவாதம். 1875 ஒக்டோபரில் கப்பல் ஏறினார்கள். அந்நிய நாட்டில் செத்தால் உதவட்டும் என்று இரண்டு சவப்பெட்டிகளும் சாமான்களோடு வந்தன என்று ஒரு கதை உண்டு.

ரயில் அப்போது நாவலப்பிட்டி வரைக்கும்தான். ஹட்டனுக்கு 1884இல்தான் வந்தது. வட்டவளை, றொசல்ல வழியாக இன்று நாம் சாய்ந்துகொண்டு போகிற பாதை அன்று இல்லை. பெரிய கமரா, கண்ணாடித் தகடுகள், இரசாயனப் போத்தல்கள் எல்லாம் வண்டியிலும் ஆள் தலையிலும் ஏறிப் போகவேண்டும். பெரும்பாலான படங்களைக் களுத்துறையில் மகன் வீட்டில் இருந்தபோது எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஈரத்தகடு முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஆடுகளம் விளங்கும். கண்ணாடியில் கொலோடியன் பசையை ஓடவிட வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கமராவில் வைத்து, படம் எடுத்து, இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். இங்கிலாந்தின் குளிரில் பத்து நிமிடம்போல அவகாசம் கிடைக்கும். களுத்துறை வெக்கையில் பசை கையில் இருக்கும்போதே காயத் தொடங்கும். போதாக்குறைக்கு அந்தத் தகடு நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும். செம்மை கலந்த மாநிறத் தோல் அதில் கறுத்து விழும். டெனிசன் முகத்துக்குப் பழகிய கணக்கு நம் ஆட்கள் முகத்துக்குச் சரிவராது. ஒளி கூட வேண்டும், நேரம் கூட வேண்டும்.

1877 தொடக்கத்தில் மரியான் நோர்த் என்ற தாவர ஓவியர் களுத்துறைக்கு விருந்தாளியாக வந்தார். அவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருப்பது சுவையானது. கெமரன் அவருக்குக் காஷ்மீர்க் கம்பளித் துணியைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த உச்சி வெயிலில் நிறுத்தி, இயல்பாகப் பாருங்கள் என்றாராம். வெப்பமானி காட்டியது 96 டிகிரி பரனைட். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகழகைக் கண்டு மயங்கிய கெமரன், அவரைத் தன் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். கெமரனுக்குத் தோட்டமே கிடையாது. உடற்கட்டைப் பார்த்து அணியில் சேர்க்கும் பயிற்றுநர்களை நானும் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

அந்த ஆளின் பெயர் என்ன? நோர்த்தும் சொல்லவில்லை, கெமரனும் சொல்லவில்லை.

என் முறைப்பாடு இதுதான். 1878இல் களுத்துறையில் எடுத்த ஒரு குழுப்படத்தில் ஒரு சிறுமியும் தாடி வைத்த ஒரு முதியவரும் நிற்கிறார்கள். களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பிட்டு, கீழே கெமரன் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார். சிறுமிக்கு 12 வயது, முதியவர் தன்னை அவள் தகப்பன் என்கிறார், தனக்கு 100 வயது என்றும் சொல்கிறார் என்று அதில் இருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார். உறவைக் கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் எழுதவில்லை. அதே ஆண்டு வெளிவந்த மைபிரிட்ஜின் அட்டையில் குதிரையின் பெயர், சொந்தக்காரர் பெயர், ஓட்டத்தின் வேகம், திகதி எல்லாம் அச்சாகியிருக்கின்றன.

எசமான், வேலைக்காரர் என்ற காலம் அது, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வைட் தீவில் அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து மாதாவாகவும் தேவதையாகவும் படத்தில் நின்ற மேரி ஹில்லியரின் பெயர் இன்று கலை வரலாற்று மாணவர் எல்லோருக்கும் தெரியும். அங்கே பணிப்பெண்ணுக்குப் பெயர் உண்டு. இங்கே எடுத்த படங்களில் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பெயர் சம்பளக் கணக்குக்காகத் தோட்டத்துச் செக்ரோலில் இருந்திருக்கும். படத்தில் ஏறவில்லை.

இதை வைத்துப் படங்களைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. தோட்டத்துரைமார் எடுப்பித்த அந்தக் காலப் படங்களில் நம் ஆட்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள்; முகம் கடுகளவு. கெமரன் அருகில் போய்த் தனி ஆளாகப் பார்த்தார். டார்வினுக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கை, பெயர் கேட்காமலே, இவர்களுக்கும் கொடுத்தார். அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். பெயர் விடுபட்டதை மன்னிக்க மனம் வரவில்லை. இரண்டும் ஒரே கையால் வந்தவை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இந்தப் படங்களில் உடம்பால் சாதித்தது யார்? இருட்டறைக்கு ஓடி ஓடி வேலை செய்த அறுபது கடந்த பெண்ணின் உழைப்பைக் குறைக்கமாட்டேன். ஆனால் தகட்டில் முகம் விழவேண்டுமானால் எதிரே நிற்பவர் உறைந்து நிற்க வேண்டும். இங்கிலாந்தில் அறைக்குள் அது சில நிமிடங்கள். நம் வெயிலில் குறைந்திருக்கும். ஆனாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நிற்கவேண்டிய நேரம். துப்பாக்கிச் சூட்டு வீரர் விசையை அழுத்துமுன் மூச்சை அடக்குவதும், ஜிம்னாஸ்டிக்ஸில் வளையத்தில் கைகளை விரித்து நிற்பதும் திறமை என்றால் இதுவும் திறமைதான். கார்லைலின் தலை கொஞ்சம் ஆடியதால் அந்தப் பிரபல படம் கலங்கலாகவே இருக்கிறது. கமராவுக்கு அவ்வளவாகப் பழகாத ஊரில், வியர்வை கண்ணில் இறங்க நின்றவர்களை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கலங்கல் என்றதும் இன்னொரு கதை. லண்டன் படப்பிடிப்புச் சங்கத்து ஆட்கள் கெமரனைக் காய்ச்சி எடுத்தது இதற்காகத்தான்: கூர்மை இல்லை, தகட்டில் கைரேகை, கீறல், தூசி. அவர் அசரவில்லை. கூர்மை இவ்வளவுதான் என்று தீர்மானிக்க நீங்கள் யார் என்ற தோரணையில் இருந்துவிட்டார். இன்று கொழும்பு – பதுளை ரயிலில் றொசல்ல வளைவில் வாசலில் தொங்கிக்கொண்டு எடுக்கும் செல்போன் படத்தில் பின்னணியைக் கலங்கலாக்கத் தனி வசதி வைத்து விற்கிறார்கள். விளையாட்டுப் படத்திலும் இது வந்தது. 1950களில் ஏர்ன்ஸ்ட் ஹாஸ் மாட்டுச் சண்டையை வண்ணத்தில் வேண்டுமென்றே கலங்கலாக எடுத்தார்; ‘லைஃப்’ இதழ் அதைப் பக்கம் பக்கமாகப் போட்டது. இப்போது ஓட்டப்பந்தயமோ நீச்சலோ, பத்துப் படம் அனுப்பினால் அதில் ஒன்றாவது இப்படிக் கோடு கோடாக வரும். ஏற்பு இப்படித் தாமதமாக வருவது இந்தத் தொழிலில் புதிதல்ல. 1965இல் குத்துச்சண்டை மேடையில் விழுந்து கிடக்கும் லிஸ்டனுக்கு மேல் முகமது அலி கையை மடக்கி நின்று கத்தும் நீல் லைஃபரின் படத்தைச் சொந்தப் பத்திரிகையே அட்டையில் போடவில்லை.

வேகக் கமராவின் பரம்பரை எங்கே போய் நின்றது என்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் முத்தையா முரளிதரனின் பந்துகளை நோ போல் என்று அறிவித்தபிறகு, அந்த முழங்கையைப் பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் ஆய்வுகூடத்தில் வைத்து அதிவேகக் கமராக்களால் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார்கள். பந்து வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற விதி வந்தது அந்த வழியில்தான். மைபிரிட்ஜின் கமரா தீர்ப்புச் சொல்லும். கெமரனுடையது சொல்லாது, எதிரே நின்ற ஆள் எப்படி இருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் விக்கெட் விழுந்த கணத்தைவிட, பிடியைக் கோட்டைவிட்டவன் எல்லைக்கோட்டில் நிற்கும் படத்தைத்தான் நான் வெட்டி வைத்துக்கொள்வேன்.

2023இல் பாரிஸின் ஜூ தெ போம், 2024இல் லண்டன் தேசிய உருவப்பட அரங்கு, 2025இல் நியூயோர்க்கின் மோர்கன் நூலகம் என்று கெமரன் சுற்றி வந்தார். கூட்டம் டெனிசனையும் டார்வினையும் பார்க்கத்தான் போயிருக்கும், இலங்கைப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் ஒரு தொகுதியை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் பிரதி எடுத்தாவது வைக்க யாராவது முன்வந்தால் நல்லது. பார்த்துவிட்டு டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை பஸ் எடுத்தால் சென். மேரீஸ் தேவாலயத்தில் இறங்கலாம். கணவனும் மனைவியும் அங்கேதான் இருக்கிறார்கள்.

என் மதிப்பீடு: இங்கிலாந்து இன்னிங்ஸ் இரட்டைச் சதம். இலங்கை இன்னிங்ஸ் மோசமான ஆடுகளத்தில், துணைக்கு ஆள் இல்லாமல் எடுத்த முப்பது ஓட்டம். தேர்ந்த கண்ணுக்கு அது குறைவில்லை. ஆட்ட நாயகன் விருதை மட்டும் கெமரனுக்குக் கொடுக்கமாட்டேன். களுத்துறைச் சிறுமிக்கும் அந்தத் தகப்பனுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவருக்கு 12 வயது, மற்றவருக்கு 100 என்றால் எந்த வயதுப் பிரிவில் போடுவது என்று ஏற்பாட்டாளர்கள் தலையைச் சொறிவார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டு அனுப்பட்டும், அதிலாவது பெயர் இருக்கும்.