முன்னோடி எனப்படுவோர் யார்? — சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கடுகண்ணாவைக் கணவாயில், கொழும்பு – கண்டி வீதி மலையேறி முடியுமிடத்தில், உயர்ந்த கோபுரமொன்று நிற்கிறது. அவ்வீதியை அமைத்த ஆங்கிலப் பொறியியலாளர் டோசன் என்பாரின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. இராசகாரிய முறையின் கீழ்க் கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்டுப் பாறையை உடைத்த மக்களின் பெயர்களை அக்கோபுரம் நமக்குச் சொல்வதில்லை. ஒரு பெயர் நிலைத்தது. பல பெயர்கள் மறைந்தன. வரலாறு எழுதப்படும் முறைக்கு இதனினும் எளிய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

அக்கோபுரத்தைத் தினமும் கடந்து பாடசாலைக்கு வரும் மாணவனொருவன் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். அயலிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவன். அவன் பாட்டனார் கோயில் திருவிழாக்களில் தப்படிப்பவர். அவனோ கைத்தொலைபேசியிலேயே தாளங்களைக் கோத்து நண்பர்களுக்குக் கேட்பிப்பவன். “சேர், டெக்னோ, ஹவுஸ் என்ற இசையை உலகத்தில் முதன்முதல் செய்தவர் ஓர் இந்தியராமே, உண்மையா?” என்றான் அவன். அவன் குறிப்பிட்டது பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங்கை. ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடக்கூடிய வினாவன்று இது. வினாவினுள்ளேயே ஒரு பிழை ஒளிந்து கிடக்கிறது. அப்பிழையை விளங்கிக்கொள்ள அம்மனிதரின் வாழ்வை முதலில் நோக்குவோம்.

சரண்ஜித் சிங் பம்பாய்த் திரையுலகில் கூலிக்கு வாசித்த வாத்தியக்காரர். 1960களிலும் 70களிலும் சங்கர்–ஜெய்கிஷன், எஸ். டி. பர்மன், ஆர். டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் ஆகிய இசையமைப்பாளரின் குழுக்களில் கிற்றாரும் விசைப்பலகையும் வாசித்தார். அக்காலத்துத் திரைப்பட இசைத்தட்டுகளின் உறைகளில் நடிகர் பெயர் இருக்கும். இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் இருக்கும். ஒலிப்பதிவுக் கூடத்திற் காலைமுதல் மாலைவரை அமர்ந்து வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இரா. அவர்கள் நாட்கூலி பெற்றுச் சென்றனர். அவர்களது உழைப்பு பிறரது புகழாயிற்று. திருமண வீடுகளிலும் விருந்துகளிலும் வாசித்து மீதி வருவாயைத் தேடிக்கொண்டவர்களுள் சிங்கும் ஒருவர். திரைப்பாடல்களை வாத்தியத்தில் இசைத்த தட்டுகள் சிலவற்றையும் அவர் தம் பெயரில் வெளியிட்டதுண்டு.

இத்தகையவர் 1982இல் வெளியிட்ட தட்டே இன்று பேசப்படுவது. பத்து ராகங்களை டிஸ்கோத் தாளத்தில் சிந்தசைசரிற் சேர்த்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். இந்திய கிராமபோன் கம்பெனி அதனை வெளியிட்டது. பயன்படுத்தப்பட்டவை ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: ஜுப்பிட்டர் 8 என்னும் சிந்தசைசர், டி.ஆர். 808 என்னும் தாள யந்திரம், டி.பி. 303 என்னும் கீழ்ச்சுர யந்திரம். திரைப்படங்களில் டிஸ்கோ மோகம் தலைவிரித்தாடிய காலம் அது. எல்லோரும் செய்வதையே தாமும் செய்யாது, தபேலாவை நிறுத்திவிட்டு, டிஸ்கோவின் தாளத்தின் மேல் ராகங்களை வைத்துப் பார்த்தாலென்ன என்று எண்ணியதாக அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார்.

தட்டைக் கேட்போர்க்கு வியப்பு உண்டாவது இயல்பே. நமது கல்யாணிக்கு நிகரான யமன், ஹிந்தோளத்துக்கு நிகரான மால்கௌன்ஸ், மோகனத்துக்கு நிகரான பூபாளி ஆகியன, இடைவிடாது சுழலும் யந்திர நாதத்தின் மேல் எழுகின்றன. ஒரு சுரத்தினின்று மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அக்கருவிகளில் உண்டு. அதனைக் கொண்டு விரலும் கண்டமும் செய்யும் கமகத்தின் சாயலை அவர் எழுப்பிவிடுகிறார். தம்பூராவின் சுருதி செய்யும் வேலையை, திரும்பத் திரும்ப வரும் கீழ்ச்சுரக் கோவை ஏற்றுக்கொள்கிறது. மரபை அறிந்த ஒருவர் புதிய உற்பத்திச் சாதனத்தை அஞ்சாது கையிலெடுத்ததன் விளைவு இது. இதனை வெறும் வேடிக்கை என ஒதுக்குவோர் காதைத் தீட்டிக்கொள்வது நன்று.

ஆயினும் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது விமர்சனமாகாது. ராகத்திற்கு அதற்குரிய பொழுது உண்டு. பைரவ் வைகறைக்குரியது, மேக் மல்ஹார் மழைக்குரியது, மால்கௌன்ஸ் நள்ளிரவுக்குரியது. மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரைவுறுவது இந்துஸ்தானி இசையின் வளர்ச்சி முறை. இத்தட்டிலோ ஒவ்வொரு ராகமும் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துள் அடங்குகிறது. தொடக்கத்தில் இருந்த வேகமே முடிவிலும் இருக்கிறது. பொழுதும் பருவமும் கரைந்து, யந்திரத்தின் ஒரே காலம் எல்லாவற்றையும் ஆள்கிறது. காலைச் சங்கு முதல் மாலைச் சங்கு வரை ஆலைக்குள் நிற்பவனுக்கு வைகறையுமில்லை, மழையுமில்லை என்பதை நினைவூட்டும் இசை இது. அவர் அதனை எண்ணிச் செய்தார் என நாம் சொல்லவில்லை. கலைஞன் எண்ணாததையும் அவன் காலம் அவன் படைப்பில் எழுதிவிடுவதுண்டு.

இன்னொரு குறையும் உண்டு. தபேலாக்காரர் வெறுமனே காலத்தை அளந்து கொடுப்பவரல்லர். பாடுவோனுக்கு மறுமொழி கூறுபவர். 808 மறுமொழி கூறாது. ஆகவே இத்தட்டில் உரையாடல் இல்லை. ஒருவர் தம்முடன் தாமே பேசிக்கொள்ளும் தனிமையே இருக்கிறது.

அத்தனிமை தட்டின் விதியாகவும் அமைந்தது. அது விலைபோகவில்லை. சாஸ்திரிய இரசிகர் அதனைத் தொடவில்லை. டிஸ்கோ இரசிகரோ பாட்டையும் நடிகையையும் தேடினர். சிங் திரும்பவும் தமது வழக்கமான வேலைக்கே சென்றார். இருபதாண்டுகள் கழிந்தன.

இவ்விடத்தில் நாம் அமெரிக்காவை நோக்குதல் அவசியமாகிறது. ஏனெனில் அதே யந்திரங்கள் அங்கே வேறொரு கதையை எழுதின. டி.பி. 303, தனியே பயிற்சி செய்யும் கிற்றார்க்காரருக்குத் துணையாக வாசிக்கவென ஆக்கப்பட்டது. அது அவ்வேலையைச் செவ்வனே செய்யாமையால் சந்தையில் தோற்றது. 1984இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. முதலாளியச் சந்தை குப்பையென எறிந்த அக்கருவி, பழைய பொருட்கடைகளில் மலிந்து கிடந்தது. சிக்காகோவின் கறுப்பின இளைஞர் அதனைச் சில்லறைக் காசுக்கு வாங்கினர். பியூச்சர் என்னும் குழுவினர் அதன் திருகுகளை ஆக்கியோர் நினையாத விதமாகத் திருகி, 1987இல் வெளியிட்ட இசைத்தட்டே ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் பிரிவுக்கு வித்தாயிற்று. சிங்கின் தட்டை அவர்கள் கேட்டவர்களல்லர். தாமாகவே அவ்விடத்தை அடைந்தனர்.

ஹவுஸ் இசைக்குப் பெயரளித்தது சிக்காகோவின் வேர்ஹவுஸ் என்னும் நடனக்கூடம். பிராங்கி நக்கிள்ஸ் அங்கே தட்டுகளை இணைத்து வாசித்தார். அங்கே கூடியோர் கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்கர், தன்பாலீர்ப்புடையோர். நகரின் ஏனைய வாயில்கள் அடைக்கப்பட்டிருந்த மக்கள். 1979 ஜூலை 12ஆந் திகதி அந்நகரின் விளையாட்டரங்கொன்றில் டிஸ்கோத் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்த கூட்டத்தின் வெறுப்பும் பெரும்பாலும் அவர்களை நோக்கியதே. டெட்ரொயிட்டிலோ மோட்டார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, எஞ்சியவற்றில் மனிதரின் இடத்தை யந்திரக் கைகள் பிடித்துக்கொண்டிருந்தன. அச்சூழலில் வளர்ந்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகியோர் டெக்னோவை உருவாக்கினர். தம் மக்களை வேலையினின்று தள்ளிய யந்திரத்தையே அவர்கள் பாட வைத்தனர்.

பம்பாயில் தோன்றியது மடிந்ததும் சிக்காகோவில் தோன்றியது தழைத்ததும் ஏன்? திறமையின் ஏற்றத்தாழ்வு இதற்குக் காரணமன்று. இராக ஞானத்திலும் வாத்தியப் பயிற்சியிலும் சிங் அவ்விளைஞரினும் பன்மடங்கு தேர்ந்தவர். ஆனால் அவருக்கு ஒரு நடனக்கூடம் இல்லை. இரவில் வாசித்ததைக் கேட்டு ஆடி, பிடித்ததை ‘மீண்டும்’ எனக் கேட்டு, பிடிக்காததை விட்டு வெளியேறித் திருத்தும் மக்கள் கூட்டம் அவரைச் சூழ இல்லை. புத்தாக்கம் ஒருவரின் மூளையிற் பிறக்கலாம். கலையாக வளர்வதற்கு அதற்கு மக்கள் வேண்டும்.

2002ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டவரான எடோ பௌமன் என்னும் தட்டுச் சேகரிப்பாளர் டில்லியிற் பழைய பிரதியொன்றைக் கண்டெடுத்தார். பின்னர் சிங்கையும் தேடிக் கண்டார். 2010இல் தட்டு மறுபதிப்பாயிற்று. உடனே ஐரோப்பியப் பத்திரிகைகள் ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர்’ எனக் கொண்டாடின. 1982இல் இப்படியொன்று இருந்திருக்க முடியாது, எவரோ செய்த புரட்டு இது என ஐயுற்றோரும் உண்டு. இந்தியன் இதனைச் செய்திருக்க மாட்டான் என்ற நினைப்பின் நிழலும் அவ்வையத்திற் படிந்திருந்தது எனலாம். முதுமையில் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பாயிற் காலமானார். பிந்தியேனும் அவருக்குக் கிடைத்த மகிழ்ச்சியை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் மேனாட்டார் கண்டெடுத்து முத்திரை குத்திய பின்னரே நம்மவர் அவரை அறிந்தனர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நாமே முதல்வர்’ என இப்பொழுது எழும் ஆரவாரம் அவ்வெட்கத்தை மறைக்கும் முயற்சியே.

இன்னுமொரு கசப்பான உண்மையையும் விட்டுவிடலாகாது. சிங் தட்டை வெளியிட்ட அதே 1982இல், லண்டனில் வாத்தியக்காரர் சங்கத்தின் கிளையொன்று சிந்தசைசர்களைத் தடைசெய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றிற்று. புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகரொருவர் வாத்தியக்குழுவை விலக்கி அவ்யந்திரங்களை அமர்த்தியதே காரணம். நம்மில் பலர் அத்தீர்மானத்தை நகைக்கக்கூடும். ஆயின் 1990களில் பம்பாயின் பெரும் வாத்தியக்குழுக்களுக்கு நேர்ந்தது என்ன? எண்பது, நூறு பேர் அமர்ந்த கூடங்களில் ஒரு விசைப்பலகையும் ஒரு கணினியும் அமர்ந்தன. வயலின்காரர், தபேலாக்காரர் பலர் வேலையிழந்தனர். சிங் தனியறையிற் செய்த சோதனை முதலாளியின் கையிற் கூலிக்குறைப்பு ஆயுதமாயிற்று. இக்குற்றம் யந்திரத்துக்கோ அவருக்கோ உரியதன்று. யந்திரம் யார் கையில் உள்ளது, அதனால் மிஞ்சும் பயன் யாருக்குச் செல்கிறது என்பதே வினா. அவ்வினாவைக் கேளாத இசை விமர்சனம் உறையை மட்டும் பார்த்துத் தட்டை மதிப்பிடுவதாகும்.

ஆகவே நம் மாணவனுக்கு நாம் கூறிய விடை இதுதான்: சரண்ஜித் சிங் அரியதொரு செயலைச் செய்தார், அதனைக் கேள், கற்றுக்கொள். ஆனால் அவரை ஒரு கோபுரமாக்கிவிடாதே. அவர் பக்கத்தில் அமர்ந்து பெயரின்றி வாசித்தோரையும், சிக்காகோவில் வியர்வை சொட்ட ஆடியோரையும் சேர்த்தே அவ்விசையின் வரலாற்றை எழுது.

“அப்படியானால் நான் செய்வதை யாருக்குக் கேட்பிக்க, சேர்?” என்றான்.

உன் பாட்டனாரிடமிருந்து தொடங்கு என்றோம். தப்புக்கு மறுமொழி கூறத் தெரிந்தவர் அவர். அடுத்த திருவிழாவில் தப்பின் பக்கத்தில் உன் தொலைபேசித் தாளத்தையும் வைத்துப் பார். தோட்டத்து மக்கள் கால் அசைகிறதா, முகம் சுளிக்கிறதா என்பதைக் கவனி. அவர்கள் சொல்லும் திருத்தம் எந்தப் பத்திரிகையின் புகழ்ச்சியையும் விடப் பெரிது.

அவன் சிரித்தான், தாத்தா நிச்சயம் ஏசுவார் என்றான். ஏசட்டும் என்றோம். ஏச ஆளிருக்கும் இடத்திலேதான் கலை வளரும்.